மேடையில் வண்டி நின்றால் தொங்கும் விண்டோ

"மேடையில வண்டி இல்லாதப்போ மூடுனா மூடிக்குது தம்பி. வண்டி நிக்கிறப்போ மூடுனா அப்படியே தொங்கிடுது. வெயிட்டு தாங்கல போலிருக்கு."

காவேரிப்பட்டினம் ரோட்டில் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடை ஆபரேட்டர், சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டரின் விண்டோ மூடும்போது அசையாமல் உறைந்துபோவதைப் பற்றிப் போன சீசனில் என்னிடம் சொன்னது இது. கேட்டுச் சிரித்தேன். லாரியின் பாரத்தைக் கம்ப்யூட்டரா சுமக்கிறது? அந்தக் கோளாறைப் பற்றி அதுவரை யாரும் சொல்லாத உருப்படியான தகவல் அதுதான் என்பது இரண்டு ராத்திரி கண்விழித்த பிறகே எனக்கு உறைத்தது.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூன் வந்தால் கூழ் ஆலைகளுக்கு ராத்திரி பகல் கிடையாது. தோத்தாபுரி, நம் ஊர்ப் பேச்சில் பெங்களூரா, போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் பக்கத்தில் இருந்தெல்லாம் டிராக்டரிலும் மினி லாரியிலும் வந்து குவியும். எல்லா வண்டியும் முதலில் ஏறுவது எடைமேடையில். மொத்த எடை போட்டு, காயை இறக்கிவிட்டு, காலி வண்டியாக மறுபடி ஏறி, கழித்து வரும் எடைக்குத்தான் விவசாயிக்குக் காசு. மேடைப் பக்கத்து கேபினில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எடையைச் சிவப்பு எண்களில் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி. காலை 6 மணிக்கு ஷிப்டு மாறும்போது பழைய ஆபரேட்டர் திரையை மூடுவார், புதியவர் தன் பெயரில் திறப்பார். அந்த மூடும் நேரத்தில்தான் திரை வெளுத்துப்போய், மேலே தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னபடி முதலாளி 8 ஜிபி ரேமை 16 ஆக்கினார். விண்டோ முன்பு போலவே தொங்கியது.

அந்த மென்பொருளின் வரலாறு நம் பக்கத்து மென்பொருள்கள் பலவற்றின் வரலாறுதான். சீட்டு அடிக்கும் பகுதியும் கணக்கும் விஷுவல் பேசிக் 6-ல் யாரோ எப்போதோ எழுதியது. அந்த மொழி வெளிவந்தது 1998-ல், அதன் எழுதுகருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. ஆனால் அதில் எழுதியவை விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன, ஓடுவதை யார் மாற்றுவார்கள்? மேலே தெரியும் திரை பிற்பாடு சி ஷார்ப்பில் எழுதப்பட்டது. இண்டிகேட்டரில் இருந்து எடையை வாங்க, பெட்டி விற்றவர்கள் கொடுத்த சி பிளஸ் பிளஸ் டிஎல்எல் ஒன்று, அதாவது மற்ற நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் கோப்பு. வண்டியின் நம்பர் பிளேட்டைப் படமெடுக்க பைத்தானில் ஒரு துண்டு நிரல். நான்கு மொழிகள், நான்கு கைகள், நான்கு காலங்கள்.

சந்தூர் நர்சரிகளில் ஒட்டு மாங்கன்று வாடினால் கன்று விற்பவர் வேரையும் பார்க்க மாட்டார், இலையையும் பார்க்க மாட்டார். முதலில் ஒட்டுக் கட்டிய இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். மொழிகள் கலந்த மென்பொருளில் விண்டோ தொங்கினால் நானும் முதலில் பார்ப்பது மொழியும் மொழியும் ஒட்டும் அந்த இடத்தைத்தான். பைத்தான் மெதுவானது, விபி பழசு, சி ஷார்ப் மெமரி தின்கிறது என்று மொழியைத் திட்டுவது வழக்கம். வேகக் குறைவால் விண்டோ தொங்குவதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது யாருக்காகவோ காத்திருக்கிறது. யாருக்காக என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விண்டோ உயிரோடு இருப்பது என்றால் என்ன?

விண்டோஸில் ஒரு விண்டோவை எந்த த்ரெட் உருவாக்கியதோ அதே த்ரெட்தான் அதைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும். த்ரெட் என்பது நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு வேலை இழை. திரையை வைத்திருக்கும் த்ரெட்டின் வேலை ஒரே சுற்று: வரிசையில் அடுத்த மெசேஜை எடு, உரிய இடத்துக்கு அனுப்பு, அது முடிந்ததும் அடுத்ததை எடு. மவுஸ் கிளிக், கீபோர்டில் தட்டிய எழுத்து, டைமர், 'உன்னை மறுபடி வரைந்துகொள்' என்ற கட்டளை எல்லாம் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

எடைமேடை கேபினில் ஒரே ஆபரேட்டர் ஜன்னல் வழியாகச் சீட்டுக் கொடுப்பது போலத்தான் இது. ஒரு டிரைவரின் வண்டி நம்பர் விவகாரத்துக்காக அவர் போனில் யாரையோ பிடித்து, லைனிலேயே காத்திருந்தால் வெளியே முப்பது வண்டி நிற்கும். மேடை பழுதில்லை, வண்டிகள் பழுதில்லை, ஆபரேட்டரும் தூங்கவில்லை. அவர் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு விண்டோவின் த்ரெட் 5 நொடி வரை வரிசைப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டால் விண்டோஸ் அதைத் தொங்கிப்போனதாக முடிவு செய்துவிடும். உண்மையான விண்டோவை மறைத்துவிட்டு, கடைசியாகத் தெரிந்த உருவத்தின் நகலை அதே இடத்தில் வைக்கும். இதற்குப் பேய் விண்டோ என்றே பெயர், விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இருந்து இருக்கிறது. நாம் நகர்த்துவதும் சுருக்குவதும் அந்தப் பேயைத்தான், பொறுமையிழந்து கிளிக் செய்தால் வெளுத்துப் போவதும் அந்தப் பேய்தான். அசல் நிரல் அப்போதும் உள்ளே எங்கோ காத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் 'கொஞ்சம் பொறுத்தா வந்துரும்' என்பது சில சமயம் பலிக்கிறது, சில சமயம் விடிய விடிய உட்கார்ந்தாலும் பலிப்பதில்லை. முதலாவதில் எதிர்பார்க்கும் ஆள் தாமதமாகவாவது வருவார். இரண்டாவதில் அவர் வரவே போவதில்லை.

இரண்டையும் பிரித்துப் பார்க்க டாஸ்க் மேனேஜரே போதும். தொங்கிய நேரத்தில் அந்த நிரலின் சிபியு எண்ணைப் பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் அது காத்திருக்கிறது. 4 கோர் கம்ப்யூட்டரில் 25 சதவீதத்தில் ஆடாமல் நின்றால் ஒரு த்ரெட் முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொண்டு ஒரு கோரை முழுசாகத் தின்கிறது என்று பொருள், 8 கோர் என்றால் 12, 13-ல் நிற்கும். நம் எடைமேடைக் கம்ப்யூட்டரில் பூஜ்ஜியம். ரேம் மாற்றியது ஏன் உதவவில்லை என்பதற்கு இந்த ஒரு எண்ணே பதில், ஆனால் ரேம் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

ராத்திரி வலை விரித்தது

தொங்கும் நேரத்தில் நான் அங்கே இருந்ததில்லை. நான் போய் உட்கார்ந்தால் சமர்த்தாக மூடிக்கொள்ளும், மெக்கானிக்கைக் கண்டால் நேராக ஓடும் வண்டி மாதிரி. அதனால் புரோக்டம்ப் என்ற இலவசக் கருவியை ராத்திரி முழுக்கக் காவலுக்கு விட்டுவிட்டு வந்தேன். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கிடைப்பது. அதற்கு 'ஹெச்' என்று ஒரு சுவிட்ச் உண்டு: விண்டோ தொங்கியது தெரிந்ததும் நிரலின் அப்போதைய நிலையை ஒரு கோப்பாகப் பிடித்து வைத்துவிடும், கூடவே 'எம்ஏ' சுவிட்சும் போட்டால் மெமரி முழுவதையும் பிடிக்கும்.

இதையே கையால் டாஸ்க் மேனேஜரில் செய்யலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விபி 6-ம், பழைய டிஎல்எல்களும் 32 பிட். அவற்றோடு ஓடவேண்டிய கட்டாயத்தால் மொத்த நிரலும் 32 பிட். 64 பிட் விண்டோஸின் வழக்கமான டாஸ்க் மேனேஜரில் அதைப் பிடித்தால் 32 பிட் நிரலை ஓட்ட நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பு அடுக்கும் சேர்ந்து மாட்டிக்கொண்டு, படிக்கச் சிடுக்காக இருக்கும். சிஸ்வாவ்64 ஃபோல்டரில் 32 பிட் டாஸ்க் மேனேஜர் தனியாக இருக்கிறது, அதைத் திறந்து பிடிக்க வேண்டும். புரோக்டம்ப் இதைத் தானாகவே சரியாகச் செய்துவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஒரு காலத்தில் நான் ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

காலையில் கோப்பு கிடைத்தது. விண்டிபிஜி என்ற டீபக்கரில், அதாவது பிழை தேடும் கருவியில், திறந்து எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கையும், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கை, விரித்தேன். ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: அடியில் இருப்பது தொடங்கிய இடம், உச்சியில் இருப்பது இப்போது நிற்கும் இடம்.

திரையை வைத்திருக்கும் த்ரெட்டில் அடியில் மெசேஜ் சுற்று. அதன்மேல் 'மூடு' பட்டனின் சி ஷார்ப் நிரல். அதன்மேல் எல்லை தாண்டி சி பிளஸ் பிளஸ் டிஎல்எல்லின் 'வாசிப்பதை நிறுத்து' என்ற ஃபங்ஷன். உச்சியில், இன்னொரு த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் விண்டோஸ் அழைப்பு. அந்த இன்னொரு த்ரெட் எது என்று தேடினால், டிஎல்எல் தனக்காக உருவாக்கிக்கொண்ட வாசிப்பு த்ரெட். அதன் அடியில், இண்டிகேட்டரின் கேபிள் வந்து சேரும் சீரியல் போர்ட்டில் இருந்து எடையைப் படிக்கும் சுற்று. அதன்மேல், இந்த முறை எதிர்த் திசையில் எல்லை தாண்டி, 'புது எடை வந்திருக்கு' என்று சி ஷார்ப்புக்குச் சொல்லும் கால்பேக், அதாவது டிஎல்எல் திருப்பிக் கூப்பிடும் ஃபங்ஷன். அதன்மேல் இன்வோக், 'இந்த வேலையைத் திரை த்ரெட்டில் செய்' என்று கொடுத்துவிட்டு அது முடியும்வரை நிற்கும் அழைப்பு. உச்சியில், திரை த்ரெட் தன் வேலையை முடிக்கும்வரை காத்திருப்பு.

திரை த்ரெட் வாசிப்பு த்ரெட்டுக்காக நிற்கிறது. வாசிப்பு த்ரெட் திரை த்ரெட்டுக்காக நிற்கிறது. இதுதான் டெட்லாக். சபையில் இரண்டு பெரியவர்கள் 'நீங்க முதல்ல உக்காருங்க' என்று சொல்லிக்கொண்டே நின்றுகொண்டிருப்பது போல.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரண்டு பக்கமும் தவறு செய்யவில்லை. விண்டோவில் ஓர் எண்ணை மாற்றுவதானால் திரை த்ரெட்டில் மட்டுமே மாற்ற வேண்டும் என்பது சி ஷார்ப் உலகின் சட்டம், அதனால்தான் கால்பேக்கில் இன்வோக் போட்டிருந்தார்கள். த்ரெட்டைப் பாதியில் வெட்டாமல் அது முடியும்வரை காத்திருந்து மூட வேண்டும் என்பது சி பிளஸ் பிளஸ் உலகின் நல்ல பழக்கம், டிஎல்எல் எழுதியவர் அதைச் செய்தார். தனித்தனியாக எந்தப் பரீட்சை வைத்தாலும் இரண்டும் பாஸ். ஒட்டுக் கட்டிய இடத்தில் மட்டும் செத்துப்போகும். டிஎல்எல்லே வேண்டாம் என்று சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் சொந்த சீரியல் போர்ட் வகுப்பைப் பயன்படுத்தியவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். டேட்டா வந்த செய்தி அங்கே வேறு த்ரெட்டில்தான் வரும். அதற்குள் இன்வோக் செய்துவிட்டு, திரை த்ரெட்டில் போர்ட்டை மூடினால் இதே நிலைமை.

இப்போது ஆபரேட்டர் சொன்னதற்கு வருவோம். அந்த இண்டிகேட்டரை எடை மாறினால் மட்டும் அனுப்பும்படி செட் செய்திருந்தார்கள். மேடை காலியாக இருந்தால் எண் ஆடாது, வாசிப்பு த்ரெட் சும்மா இருக்கும், 'நிறுத்து' என்றதும் நின்றுவிடும். எஞ்சினை அணைக்காத வண்டி மேலே நின்றால் எண் 18,460, 18,470, 18,460 என்று துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கால்பேக். 'நிறுத்து' என்று சொன்ன கணத்துக்கும் வாசிப்பு த்ரெட் அதைக் கவனிக்கும் கணத்துக்கும் நடுவே ஒரே ஒரு எடை வந்து நுழைந்துவிட்டால் போதும், கதை முடிந்தது. எஞ்சின் ஓடும் வண்டி மேடையில் நின்றால் அப்படி ஒன்று கிட்டத்தட்ட நிச்சயமாக நுழையும். அண்ணன் சொன்னது வரிக்கு வரி சரி, காரணத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்.

டாஸ்க் மேனேஜரிலேயே 'அனலைஸ் வெயிட் செயின்' என்ற வசதி உண்டு, யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று சங்கிலியாகக் காட்டும். முதலில் அதைப் பார்ப்பது நல்லதுதான். த்ரெட் முடியக் காத்திருப்பது, மியூட்டெக்ஸ் என்ற பூட்டு, விண்டோவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்கு நிற்கும் சென்ட்மெசேஜ், பின்னால் சொல்லப்போகும் காம் அழைப்பு போன்றவற்றை அது பின்தொடரும். 'ஆகிவிட்டது' என்ற சைகைக்காக நிற்கும் ஈவென்ட் என்னும் வகைக் காத்திருப்பைப் பின்தொடராது. இன்வோக் உள்ளே காத்திருப்பது அந்த வகையில்தான். எனவே நம் கேஸில் சங்கிலியின் ஒரு கண்ணிதான் தெரிந்தது, மறு கண்ணிக்கு ஸ்டாக்கைத்தான் விரிக்க வேண்டியிருந்தது. சங்கிலி வட்டமாகத் தெரியவில்லை என்பதால் டெட்லாக் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி செய்தது எப்படி? இன்வோக்குக்குப் பதில் பிகின்இன்வோக் போடு, அது சொல்லிவிட்டுக் காத்திராமல் திரும்பிவிடும் என்பார்கள். டெட்லாக் போய்விடும், உண்மை. ஆனால் எடைகள் வேகமாக வந்தால் வரிசையில் குவியும், விண்டோ மூடிய பிறகு வந்து சேரும் செய்தி வேறு பிழையைக் கிளப்பும். நான் கால்பேக்கில் திரையைத் தொடுவதையே எடுத்துவிட்டேன். கால்பேக் வந்தால் கடைசி எடையை ஒரு மாறியில் எழுதிவிட்டுத் திரும்பு, அவ்வளவுதான் அதன் வேலை. திரைப் பக்கம் நொடிக்கு ஐந்து முறை ஓடும் டைமர் அந்த மாறியைப் பார்த்து எண்ணைக் காட்டும். மனிதக் கண்ணுக்கு அதைவிட வேகம் தேவையில்லை. மூடும்போது 'நிறுத்து' என்ற அழைப்பைத் திரை த்ரெட்டில் இருந்து எடுத்து வேறொரு த்ரெட்டுக்குக் கொடுத்தேன், அதுவும் 2 நொடிக்குமேல் காத்திராது. மாற்றிய வரிகளை எண்ணினால் இருபது தேறாது.

பைத்தான் பக்கம்

தர்மபுரியில் இருக்கும் நண்பர் ஒருவர் இதே மாதிரிக் கேமரா வேலைக்கு, திரையைப் பைத்தானின் விண்டோ நூலகமான டிகிண்டரில் வைத்து, படமெடுக்கும் பகுதியைச் சி மொழியில் தானே எக்ஸ்டென்ஷனாக, அதாவது பைத்தானுக்கான இணைப்பாக, எழுதியிருந்தார். "தனி த்ரெட்லதான் போட்டிருக்கேன், அப்படியும் தொங்குதே" என்று போன் செய்தார். பைத்தானோடு மற்ற மொழியை ஒட்டுபவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி இது.

வழக்கமான பைத்தானில் எத்தனை த்ரெட் இருந்தாலும் ஒரு கணத்தில் ஒன்றுதான் பைத்தான் வரிகளை ஓட்ட முடியும். ஜில் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பூட்டு அதைக் கட்டுப்படுத்துகிறது. ஒரே ஒரு பேனா இருக்கும் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானுக்குள்ளேயே இருக்கும்வரை பேனாவை அவ்வப்போது கைமாற்றிக் கொடுப்பார்கள். சி பக்கம் போன ஆள் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே போய்விட்டால்? திரும்பி வரும்வரை ஒருவரும் எழுத முடியாது. திரை த்ரெட்டும் நிற்கும், அது தனி த்ரெட் என்பதில் பிரயோஜனமே இல்லை. நண்பரின் சி நிரல் கேமரா பதிலுக்காக நிற்பதற்கு முன் பூட்டை விட்டுக்கொடுக்கும் அந்த ஒரு ஜோடி மேக்ரோவைப் போடவில்லை.

பைத்தானோடு வரும் சிடைப்ஸ் மூலம் டிஎல்எல்லை அழைத்தால் இந்தத் தொல்லை குறைவு. சிடிஎல்எல் என்று ஏற்றினால் ஒவ்வொரு அழைப்பின்போதும் பூட்டைத் தானே விட்டுவிடும். பைடிஎல்எல் என்று ஏற்றினால் விடாது. பெயரில் பைத்தான் வாசம் அடிக்கிறதே, இதுதான் நமக்கானது போல என்று இரண்டாவதை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு சின்ன விஷயம்: சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் நூலகத்தில் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் வரம்பு, கொடுக்காவிட்டால் அதன் இயல்பு நிலை முடிவில்லாமல் காத்திருப்பது. டாட்நெட் சீரியல் போர்ட்டின் வாசிப்பும் அப்படியே. யுஎஸ்பி சீரியல் கேபிளில் பெருக்குமாறு பட்டுக் கனெக்ஷன் லூசாவது நம் ஊர்க் கேபின்களில் தினசரி நிகழ்ச்சி என்பதால், எந்த வாசிப்புக்கும் நான் டைம்அவுட் இல்லாமல் விடுவதில்லை.

பைத்தானில் தொங்கும்போது பை-ஸ்பை என்ற கருவி ஓடுகிற நிரலின் எல்லா த்ரெட்களையும் காட்டும், பூட்டு யார் கையில் என்பதையும் சொல்லும். வெளிக்கருவி நிறுவ முடியாத இடத்தில் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூல் இருக்கிறது, 3.3-ல் இருந்தே பைத்தானோடு வருவது. 'இத்தனை நொடி கழித்து எல்லா ஸ்டாக்கையும் எழுது' என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், பூட்டு யாரிடம் சிக்கியிருந்தாலும் அது எழுதும். 2024 அக்டோபரில் வந்த 3.13-ல் இந்தப் பூட்டே இல்லாத பரிசோதனைப் பதிப்பும் வந்துவிட்டதே, இனி இந்தப் பிரச்சினை இல்லைதானே என்று நண்பர் கேட்டார். பேனா பிரச்சினை பெரும்பாலும் போகும். இரண்டு த்ரெட் ஒன்றுக்கொன்று காத்திருப்பது பேனாவால் வருவதில்லையே.

எக்ஸெலும் ஒட்டிய விண்டோவும்

விபி 6-ல் எழுதிய பகுதிகளும் எக்ஸெலும் மற்ற மொழிகளோடு பேசுவது காம் என்ற ஏற்பாட்டின் வழியாக. விபி 6-ல் எழுதிய பொருள்கள் 'எஸ்டிஏ' என்ற அறையில் வாழ்பவை. அந்த அறைக்கு ஒரே த்ரெட், ஒரே கதவு. வேறு த்ரெட்டில் இருந்து கூப்பிட்டால் அழைப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்டோவுக்கு மெசேஜாக மாறிப் போகும். அந்த அறையின் த்ரெட் மெசேஜ் சுற்றில் இல்லாமல் எங்காவது உட்கார்ந்துவிட்டால், கூப்பிட்ட மற்ற மொழியும் சேர்ந்து தொங்கும். சி ஷார்ப்பின் மெயின் ஃபங்ஷனுக்கு மேலே எஸ்டிஏ த்ரெட் என்று ஒரு குறி இருக்குமே, அது அலங்காரத்துக்கு அல்ல.

இதிலேயே சிரிப்பு வரவழைக்கும் வகை எக்ஸெல். தினசரி அறிக்கைக்காக மறைவாகத் திறந்த எக்ஸெல், 'இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதட்டுமா?' என்று பணிவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும். எக்ஸெலே மறைவாக இருப்பதால் கேள்வி யார் கண்ணிலும் படாது. நம் விண்டோ எக்ஸெலுக்காக, எக்ஸெல் மனிதருக்காக, மனிதர் நம் விண்டோவுக்காக.

ஒரு மொழியின் விண்டோவை இன்னொரு நிரலின் விண்டோவுக்குள் ஒட்டவைப்பது இன்னும் மோசம். கேமராப் படம் தனி விண்டோவாகத் தெரிவது அழகாக இல்லை என்று முதலாளி சொன்னதால், பைத்தான் விண்டோவை சி ஷார்ப் விண்டோவுக்குள் செட்பேரன்ட் என்ற விண்டோஸ் அழைப்பு மூலம் குழந்தையாக்கி இருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அப்படி ஒட்டியதும் விண்டோஸ் இரண்டு த்ரெட்களின் உள்ளீட்டு வரிசைகளையும் இணைத்துவிடுகிறது, அவை இரண்டும் வேறு வேறு நிரல் என்றாலும் சரி. கேமரா கேபிள் போய்ப் பைத்தான் நின்றால் எடைத் திரையிலும் கீபோர்டு வேலை செய்யாது. தனி நிரலாகப் பிரித்து வைத்ததன் பயனையே அந்த ஒட்டு அழித்துவிடுகிறது. நான் ஒட்டைப் பிரித்துவிட்டேன். இப்போது பைத்தான் படத்தைக் கோப்பாக எழுதிவிட்டு, பெயரை, நிரல்கள் தங்களுக்குள் பேசும் நேம்டு பைப் வழியாகச் சொல்லும், எடைத் திரை ஒரு நொடிக்குள் வந்தால் காட்டும், வராவிட்டால் படமில்லாமல் சீட்டு அடிக்கும். முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்.

விபி காலத்து ஆட்களுக்கு எல்லாத் தொங்கலுக்கும் ஒரே மருந்து தெரியும்: டூஈவென்ட்ஸ். நீண்ட வேலைக்கு நடுவில் அதை எழுதினால் வரிசையில் இருக்கும் மெசேஜ்களைக் கவனித்துவிட்டு வரும், விண்டோ வெளுக்காது. ஆனால் அந்த நடுவேளையில் ஆபரேட்டரின் அடுத்த கிளிக்கும் உள்ளே வரும். இதே ஆலையின் பழைய சீட்டுக் கட்டில் பார்த்தேன்: ஒரே டிராக்டர், ஒரே மொத்த எடை, ஒரே நிமிடம், அடுத்தடுத்த எண்களில் இரண்டு சீட்டு. பிரிண்டர் தாமதித்த நேரத்தில் ஆபரேட்டர் இரண்டாவது முறை 'பிரிண்ட்' அழுத்தியிருக்கிறார், முதல் பிரிண்ட் முடிவதற்குள்ளேயே இரண்டாவது தொடங்கியிருக்கிறது. தொங்கலைக் காசு விவகாரமாக மாற்றிய மருந்து.

சீசன் முடியும் வாரத்தில் மறுபடி போயிருந்தேன். காலை 6 மணி, மேடையில் ஒரு மினி லாரி எஞ்சின் ஓட நின்றிருந்தது. ஷிப்டு மாறும் நேரம்.

"அண்ணா, இப்ப வண்டி நிக்கிறப்பவே மூடலாம், சரி பண்ணியாச்சு" என்றேன்.

தலையாட்டினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, லாரிக்காரரைக் கொஞ்சம் பின்னால் இறக்கிக்கொள்ளச் சொன்னார். சக்கரங்கள் மேடையை விட்டு இறங்கின. இண்டிகேட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'மூடு' பட்டனை அழுத்தினார்.